கட்டுமரம் என்னும் வினைத்தொகை

வினைத்தொகைக்கு எடுத்துக்காட்டுத் தருக என்றால் நம் மாணவர் பெரும்பாலும் ஊறுகாய் என்றே எழுதுவர். ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என அது முக்காலத்துக்கும் விரியும். சற்று முயன்றவர் சுடுசோறு, குடிநீர் என்பர். பரீட்சைக்கு அவை போதும். ஆயினும், காலங்காட்டும் உறுப்பு மறைந்து நிற்பதனால் விளையும் பொருட்சிறப்பை உணர்த்துதற்கு யான் வகுப்பில் எடுத்தாளுஞ் சொல் வேறொன்று. அது கட்டுமரம். கட்டிய மரம்; கட்டுகின்ற மரம்; கட்டும் மரம். கட்டு என்பதைப் பெயராகக் கொண்டு, கட்டினை உடைய மரம் என விரிப்பாரும் உளர். அவ்வாறு விரிப்பதனால் இலக்கணப் பிழை ஒன்றும் நேராது. எனினும் அக்கலத்தின் வாழ்க்கையை அறிந்தவர் அதனை வினையாகவே கொள்வர் என்பது என் துணிபு. அதற்குரிய காரணத்தை முதலிற் கூறி, அப்பெயரைத் தாங்கி இற்றைநாளில் உலகெங்கும் உலவும் சிறு பாய்க்கலம் ஒன்றைப் பழுது பார்த்துச் செப்பஞ்செய்யும் முறையைப் பின்னர் விளக்குவேன். தமிழாசிரியனுக்குப் படகு வேலை எதற்கு என வினவுவோர் சற்றே பொறுத்தருள்க.

நம் மலைநாட்டு மாணவருட் பலர் கடலைக் கண்டவரல்லர். கண்டவரும் கொழும்பிலோ திருகோணமலையிலோ ஒரு பகற்பொழுது கரையில் நின்று கண்டவரே. இத்தனைக்கும் அவர்தம் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பாக்கு நீரிணையைத் தோணிகளிற் கடந்து, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைவரை நடந்து வந்தவர்கள். ஆகவே கட்டுமரம் எத்தகையது என்பதை அவர்க்குச் சொல்லித்தான் விளக்கவேண்டியுள்ளது.

சோழமண்டலக் கரையிலும் நம் தீவின் வடகரையிலும் மீனவர் இக்கலத்தை நெடுங்காலம் ஆண்டு வந்தனர். நீர்கொழும்புப் பக்கத்தில் இதன் இனத்தைத் தெப்பம் என்பர். மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்பட எண்ணிய மரங்களைப் பக்கம் பக்கமாக வைத்து இரு முனைகளிலும் கயிற்றாற் பிணைப்பர். நடு மரம் நீண்டும் தாழ்ந்தும் இருக்கும். பக்க மரங்கள் சற்றே உயர்ந்து நிற்கும். இதனால் மேற்புறம் ஆழமில்லாத தொட்டி போன்ற வடிவு பெறும். ஆணி ஒன்றும் இல்லை. நீர் புகாதவாறு அடைக்க வேண்டிய இடமும் இல்லை. மேலே வந்த நீர் மரங்களின் இடைவெளியாற் கீழே வடிந்துவிடும். தணக்கு, மலைவேம்பு போன்ற மென்மரங்களே இதற்கு ஏற்றவை. நம் தோட்டங்களில் தேயிலைக்கு நிழலாக வளர்க்கப்பட்ட அல்பீசியாவின் உறவு மரங்களும் இதற்குப் பயன்பட்டன என்பதை அறியும்போது மாணவர் முகம் மலரும். அம்மரம் அவர்க்குத் தெரிந்த மரம்.

இனி, கட்டின் கதையைக் கூறுவேன். மென்மரம் நீரை உறிஞ்சும், உறிஞ்சினால் கனக்கும். ஆதலால் கரை சேர்ந்ததும் மீனவர் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர வைப்பர். மறுமுறை கடலுக்குச் செல்லுமுன் மீளவும் கட்டுவர். எனவே, நேற்றுக் கட்டிய மரமும், இன்று கட்டுகின்ற மரமும், நாளை கட்டும் மரமும் ஒன்றே. வேறெந்தக் கலத்துக்கும் இப்பெயர் இத்துணைப் பொருத்தமாக அமையாது. கட்டு முற்றிலும் இறுகியதாகவும் இருத்தலாகாது. கரையோர அலை மோதும்போது மரங்கள் ஒன்றையொன்று சிறிது விலக்கி நெகிழ்ந்து கொடுக்க வேண்டும். ஆணியடித்து இறுக்கிய சிறு படகு உடையக்கூடிய அலையிற் கட்டுமரம் தப்புவது இந்நெகிழ்ச்சியால்தான். எது இறுக வேண்டும், எது நெகிழ வேண்டும் என்பதை அறிந்து கட்டுவதே அத்தொழிலின் முழு அறிவு எனலாம். 2004ஆம் ஆண்டுக் கடற்கோளுக்குப் பின்னர்க் கண்ணாடியிழைப் படகுகள் பெருகின; பல கரைகளிற் கட்டுமரம் அருகிவிட்டது.

சொல் மட்டும் அருகவில்லை. வில்லியம் டம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி 1690இல் சென்னைக் கோட்டைப் பக்கம் வந்தார். அவர் 1697இல் வெளியிட்ட பயண நூலில் நம் சொல் ஆங்கில எழுத்தில் இடம்பெற்றது. பிற்காலத்து ஆங்கிலேயர் அதனைக் கற்றமரான் என ஒலித்து, இரண்டு ஓடங்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த கலத்துக்குப் பெயராக்கினர். உண்மையில் அவ்விரட்டை ஓடம் நம் கட்டுமரத்தின் வழிவந்ததன்று. பசிபிக் தீவினராகிய பொலினீசியரின் இரட்டை வள்ளமே அதற்கு முன்னோடி. பொருள் அவர்களுடையது, பெயர் நம்முடையது. இவ்விடத்திற் சில அன்பர் பெருமிதத்தால் வரம்பு மீறி, உலகத்து இரட்டை ஓடங்கள் யாவும் தமிழன் கண்டவை என்று மேடையில் முழங்குவதுண்டு. அது வேண்டா. சொல்லின் வரலாறே நமக்குப் போதிய சிறப்பு.

அமெரிக்காவில் நத்தானியல் ஹெரஷொஃப் என்பவர் அமைத்த அமரில்லிஸ் என்னும் இரட்டை ஓடம் 1876இல் நியூயோர்க் போட்டியில் மற்றெல்லாக் கலங்களையும் பின்தள்ளிற்று. அதன் பயனாக, இது படகே அன்று எனத் தள்ளி வைக்கப்பட்டது! பின்னர் நெடுநாள் கழித்து, 1976ஆம் ஆண்டு மொன்றியல் ஒலிம்பிக்கில் இரட்டை ஓடம் ஒன்று போட்டி வகையாக ஏற்கப்பட்டது. அதற்கு முன்பே கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துவந்த ஹோபி ஓல்டர், 1968இல் ஹோபி பதினான்கு என்ற சிறு கலத்தையும் அதையடுத்து ஹோபி பதினாறையும் ஆக்கினார். ஹோபி பதினாறு ஓர் இலக்கத்துக்கு மேல் செய்யப்பட்டு உலகக் கடற்கரைகளெங்கும் பரந்துள்ளது. நீளம் 5.05 மீற்றர், அகலம் 2.41 மீற்றர், எடை ஏறத்தாழ 145 கிலோகிராம், பாய்மரம் ஏறத்தாழ 8 மீற்றர், பாயின் பரப்பு 20 சதுர மீற்றருக்குச் சிறிது மேல். இதனையே நம் பாடத்துக்கு உரிய கலமாகக் கொள்வேன். ஏனெனில் இதுவும் கட்டுகளால் வாழும் கலம்.

இத்தகைய பழைய கலமொன்றைக் கடற்கரையிலிருந்து வாங்கி மலைநாட்டு நீர்நிலைக்குக் கொண்டுவருவதாக வைத்துக்கொள்வோம். நமக்கு நீர்நிலைக்குக் குறைவில்லை. நுவரெலியாவின் கிரகரி வாவி 1873இல் ஆளுநர் சேர் வில்லியம் கிரகரி காலத்தில் அமைக்கப்பட்டது. அட்டன் பக்கத்தே கெகெல்கமு ஓயாவை மறித்த காசல்ரீ அணை 1965இலும், மஸ்கெலி ஓயாவை மறித்த மவுசாகலை அணை 1969இலும் நிறைவேறின. நீர்மின் உற்பத்திக்கு உரிய தேக்கங்களில் உரியவரின் அனுமதியின்றி இறங்குதல் கூடாது என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கலம் மலையேறும்போதே முதற் கேடு நேரக்கூடும். கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு வரும் பிஸ்கட் பொதியும் பொரியல் பொதியும் காற்றடைத்த பலூன் போல உப்பி நிற்பதைக் கடைகளிற் காணாத பிள்ளை இல்லை. கடல்மட்டத்துக் காற்று உள்ளே அடைபட்டிருக்க, ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் வெளிக்காற்றின் அமுக்கம் ஐந்திலொரு பங்கு குறைந்துவிடுவதே காரணம். ஓடத்தின் நிலையும் அதுவே. அடைப்புகளை இறுக மூடி, காற்றோட்டத் துளையும் தூர்ந்திருக்குமாயின், உள்ளிருந்து வெளியே ஒவ்வொரு சதுர மீற்றர் பரப்பின்மேலும் ஏறத்தாழ 2,000 கிலோகிராம் எடைக்கு ஒப்பான விசை தாக்கும். பழைய ஓடத்தின் தளமும் வயிறும் கூடும் பொருத்து அதனைத் தாங்காது. ஆதலின் புறப்படுமுன் இரு ஓடங்களின் நீர்வடி அடைப்புகளையும் கழற்றிப் பையிற் போட்டுக்கொள்க. கடற்கரை மனிதர் இதனைச் சொல்ல மாட்டார். அவர்க்கு இத்தேவை எழுந்ததே இல்லை.

வந்து சேர்ந்ததும் நன்னீராற் கழுவி, உப்புப் போக்கியபின், ஓடத்தைத் தட்டிப் பார்க்க. பலாப்பழத்தை வாங்குவோன் விரலாற் சுண்டிக் கேட்பது போல, ஒரு நாணயத்தால் அடி அடியாகத் தட்டிச் செல்ல வேண்டும். நல்ல இடம் கணீரென்னும். கெட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். இவ்வோடத்தின் சுவர் ஒற்றைத் தகடன்று. இரண்டு மெல்லிய கண்ணாடியிழைத் தோல்களின் நடுவே நுரைப்பொருள் அடைக்கப்பட்டுள்ளது. தோல் நுரையிலிருந்து பெயர்ந்த இடந்தான் மந்தமாக ஒலிப்பது. பெருவிரலால் அழுத்தினால் அது உள்வாங்கும். பாய்மரத்தின் முன்னும் பின்னும் தளப்பகுதியை இவ்வாறு மிகக் கவனமாகச் சோதிக்க. பெயர்வு சிறிதாயின், மேல் தோலில் மட்டும் சிறு துளைகளிட்டு, எப்பொக்சி ரெசினை ஊசிக் குழாயாற் செலுத்தி, அடுத்த துளையில் அது எட்டிப் பார்க்கும்வரை நிரப்பி, பாரம் வைத்து உலரவிட வேண்டும். பெயர்வு ஓடத்தின் அகலம் முழுவதும் பரவியிருப்பின் அக்கலத்தை வாங்காதிருத்தலே நன்று.

மலைநாட்டின் குளிரும் ஈரமும் இவ்வேலைக்குப் பகை. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவினதே. தை, மாசி இரவுகளில் அது இன்னும் மிகத் தாழும். குளிரில் ரெசின் இறுக நெடுநேரம் ஆகும். மூடுபனியில் எப்பொக்சியின் மேல் மெழுகு போன்றதொரு படலம் படியும். அதனைத் தண்ணீராற் கழுவி, உலர்த்தி, உரப்புத் தாளால் தேய்த்த பின்னரே அடுத்த பூச்சைப் பூச வேண்டும். இன்றேல் அடுத்த பூச்சு தோலுரிந்து வரும். தேயிலைத் தொழிற்சாலையிற் கொழுந்து வாட்டும் மாடியின் இளஞ்சூட்டுக் காற்று இதற்கு மிகப் பொருத்தமானதன்றோ என ஒரு மாணவன் கேட்கக்கூடும். கெட்டிக்கார வினாதான். ஆனால் தேயிலை அயல் நெடியை எளிதில் ஏற்கும் பொருள். ரெசினின் நெடியோடு துரையும் மேற்பார்வையாளரும் நம்மை எதிர்கொள்ளும் காட்சியை எண்ணிப் பார்த்து, வெயிலுள்ள மாதங்களில் தகரக் கூரையின் கீழ் வேலையை வைத்துக்கொள்வோமாக.

நீர் கசிவைச் சோதிக்க, ஓடத்தின் பொருத்துகளிற் சவர்க்கார நீரைத் தடவி, நீர்வடி துளை வழியே வாயால் ஊதுக. குமிழி எழும் இடமே கசிவு. மோட்டார் வண்டிச் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் பொறியை எக்காரணங் கொண்டும் இதற்குப் பயன்படுத்தற்க. மலையேறும்போது தப்பிய பொருத்தை அங்கே உடைப்போம்.

ஓடங்களை இணைக்கும் அலுமினியச் சட்டம் பழைய கலங்களில் ஆடத் தொடங்கிவிடும். நான்கு மூலைகளையும் பற்றி, ஓர் ஓடத்தை உயர்த்தி அசைத்தால் உடனே தெரியும். ஓடத்தின் முன்முனையைப் பழந்தமிழ் மாலுமிகள் அணியம் என்பர். இடது அணியத்திலிருந்து வலது பின்முனைக்கும், வலது அணியத்திலிருந்து இடது பின்முனைக்கும் அளவு நாடா பிடிக்க. இரு மூலைவிட்டங்களும் ஒத்திருந்தாற் சட்டம் செவ்வகமாக உள்ளது. கேத்திரகணித வகுப்பில் உறங்கியவர் விழித்தெழ இஃது ஒரு வாய்ப்பு. துருப்பிடியா உருக்கு ஆணியும் அலுமினியமும் உப்பு நீரில் ஒன்றையொன்று தொடும் இடத்தில் அலுமினியம் வெண்பொடியாக அரிக்கப்பட்டிருக்கும். அப்பொடியைத் துடைத்துவிட்டுப் போகாமல், ஆணியைக் கழற்றி உள்ளே எவ்வளவு உலோகம் எஞ்சியுள்ளது என்று காண்க.

இனிக் கட்டுகள். பாய்மரத்தை நிறுத்துவன மூன்று உருக்கு வடங்கள். முன்னே ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. இவற்றை முன்வடம், பக்கவடம் என்று வழங்குவேன். பாய்மரத்தின் அடி ஒரு கிண்ணத்தில் வெறுமனே அமர்ந்திருக்கிறதேயன்றிப் பூட்டப்படவில்லை. ஆகவே இம்மூன்றில் ஒன்று அறுந்தாலும் எட்டு மீற்றர் மரம் இருப்போர் தலைமேல் வீழும். இதனைச் சொல்லும்போது வகுப்பு அமைதியாகும். ஓடத்தில் துளை விழுந்தால் மெல்ல மெல்ல நீர் ஏறும், நேரம் உண்டு. வடம் அறுந்தால் நேரம் இல்லை.

வடம் நடுவில் அறுவதில்லை. முனையில், உலோகக் குழாய்க்குள் நசுக்கிப் பொருத்திய இடத்தில் அறும். உப்பு நீர் அக்குழாய்க்குள் இறங்கித் தங்கி, வெளியே தெரியாமல் அரிக்கும். அங்கே செந்நிறக் கறை கண்டால் ஐயுறுக. ஒரு பழந்துணியை வடத்தின்மேல் வைத்து மேலிருந்து கீழாக உருவுக, வெறுங்கையால் வேண்டா. துணி எங்கே சிக்குகின்றதோ அங்கே ஓர் இழை முறிந்துள்ளது. முறிந்தது ஓர் இழைதானே, மற்றவை நன்றாக உள்ளனவே என்று கருதுதல் கூடாது. எல்லா இழையும் ஒரே நாளிற் பிறந்து ஒரே பாரத்தைச் சுமந்தவை. ஒன்று முறிந்தால் மூன்று வடங்களையும் மாற்றுக. செலவு சிறிதன்று என்பதை அறிவேன். பழைய கலத்தை மலிவாக வாங்கியவர் மிச்சம் பிடித்த பணம் இதற்கே உரியது.

ஓடங்களின் நடுவே அமர்வதற்கு இழுத்துக் கட்டிய துணித்தளம், கயிற்றுக் கட்டிலின் இனம். கட்டில் தொய்ந்தால் உறக்கம் கெடும்; இது தொய்ந்தாற் சட்டம் ஆடும். வெயிலால் முதலில் நைவது துணியன்று, அதனைத் தைத்த நூல். நகத்தாற் கீறிப் பார்த்து நூல் பொடிந்தால் மறுதையல் இடுக. பாய்க்கும் அதே விதி. பின்னற் கயிற்றை ஒரே மூச்சில் இறுக்காமல், முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னுமாக இருமுறை மும்முறை இறுக்கி வருக. காலால் மிதித்தாற் பறைபோல் எதிர்க்க வேண்டும்.

இவ்வளவும் பழுது பார்த்தல். இனிச் செய்வது வீணைக்குச் சுருதி கூட்டுவது போன்றது. கற்றவர் பலரும் தவறுவது இவ்விடத்தே. எல்லாவற்றையும் இறுக்குதலே செப்பம் என்று அவர் எண்ணிவிடுவர். துணித்தளம் இறுக வேண்டும். சட்டம் இறுக வேண்டும். ஆனால் பக்கவடங்கள் தந்திபோல் விறைத்திருத்தலாகாது. இக்கலத்தின் பாய்மரம் குறுக்கு வெட்டில் கண்ணீர்த் துளி வடிவினது. காற்றுத் திசைக்கேற்ப அது தன் அச்சிற் சிறிது திரும்பினாற்றான் பாயின் மேல் காற்று வழுவழுவென ஒழுகும். வடங்களை அளவுக்கு மீறி முறுக்கினால் மரம் கிண்ணத்தில் நெருக்குண்டு திரும்பாது. முன்பாயை ஏற்றி அதன் ஆஞ்சானை, அதாவது பாயை உயர்த்தும் கயிற்றை, இறுக்கியதும் பாரம் முன்பாயின் ஓரத்துக்கு மாறி முன்வடம் சற்றே தளரும். அது குற்றமன்று. ஓடும்போது காற்றுக்கு மறைந்த பக்கத்து வடம் தொய்ந்து ஆடுவதும் இயல்பே.

மரம் நேர் நிற்கின்றதா என்று காணப் பெரும்பாயின் ஆஞ்சான் நுனியை ஒரு பக்கத்து வடத்தின் அடிவரை இழுத்து அடையாளமிட்டு, மறுபக்கத்துக்கும் அதே அளவைக் கொண்டு செல்க. ஒத்தால் மரம் எப்பக்கமும் சாயவில்லை. முன்பின் சாய்வு வேறு செய்தி. முன்வடத்தை நீட்டிப் பக்கவடங்களைக் குறுக்கினால் மரம் பின்னே சாயும். மாறாகச் செய்தால் முன்னே சாயும். பின்னே சாய்கையில் காற்று பாயைத் தள்ளும் விசைமையம் பின்வாங்கும். நீர் ஓடத்தை எதிர்க்கும் மையம் இருந்த இடத்திலேயே நிற்கும். விசைமையம் அதற்குப் பின்னே இருப்பின், கலத்தின் முகம் தானாகவே காற்றை நோக்கித் திரும்ப முயலும். முன்னே இருப்பின் காற்றுக்குப் புறங்காட்டி ஓட முயலும். முன்னையதைச் சிறிதளவு வைத்துக்கொள்வதே அறிவுடைமை. ஏனெனில் சுக்கான் பிடிப்பவன் வழுக்கி நீரில் வீழ்ந்தாலும் கலம் தானே காற்றுமுகம் திரும்பி, பாய் படபடத்து, வேகங் குறையும். பின்னையதாயின் வீழ்ந்தவனை விட்டுவிட்டுப் போய்விடும். மரத்தின் பின்சாய்வு அணியங்கள் அலைக்குள் மூக்கைப் புதைப்பதையும் ஓரளவு தடுக்கும். இவ்வகைக் கலம் அவ்வாறு குட்டிக்கரணம் போடுவதற்குப் பேர்பெற்றது.

சுக்கான் கையில் கனத்தால் உடனே பாய்மரத்தைக் குறை கூறாதீர். சுக்கான் அலகு நீருக்குள் முற்றும் இறங்கிப் பூட்டிக்கொண்டதா என்று பார்க்க. ஒரு விரற்கடை பின்னே சாய்ந்து நின்றாலும் கை சோர்ந்துவிடும். பெரும்பான்மை முறைப்பாடுகள் இங்கேயே தீரும். இரு அலகுகளின் முன்விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம், பின்விளிம்புகளுக்கு இடைப்பட்டதிலும் ஒரு நூலளவு குறைந்திருத்தல் வழக்கம். சுக்கான் என்னும் சொல் அரபு மொழியிலிருந்து நம்மவர் வாங்கியது. அவர்கள் கொடுத்ததை நாம் வாங்கினோம்; நம் கட்டுமரத்தை ஆங்கிலேயர் வாங்கினர். கடலிற் சொற்களுக்குச் சுங்கம் இல்லை.

பாயினுள் செருகும் நீண்ட மெல்லிய சட்டங்களின் முனைக் கயிற்றையும் அளவறிந்தே கட்டுக. பாயின் சுருக்கம் மறையும் மட்டும் இறுக்கி நிறுத்துக. மேலும் இறுக்கினாற் பாய் பானை வயிறாகி, காற்றுக்கு எதிரே சாய்ந்தேறும் ஆற்றலை இழக்கும்.

இவ்வாறு கடலுக்கென வகுத்த அளவுகள் மலைக்கும் பொருந்துமா? பெரும்பாலும் பொருந்தும். நுவரெலியாவின் காற்று கடல்மட்டக் காற்றிலும் அடர்த்தி குறைந்தது. அதே வேகத்தில் வீசினும் ஏறத்தாழ ஆறில் ஐந்து பங்கு விசையே தரும். நன்னீர் உப்பு நீரிலும் இலேசானது. இருவர் ஏறிய கலம் கடலில் விலக்குவதிலும் ஏழு லீற்றர் அளவு கூடுதலான நீரை விலக்கி மிதக்கும். அஃது ஒரு பொருட்டன்று. இவ்விரண்டையும் எண்ணி, மலைக்காற்று சாது என்று நம்பிவிடுதல்தான் ஆபத்து. காற்றின் விசை வேகத்தின் வர்க்கத்தைத் தொடர்வது. வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். தென்மேற்குப் பருவக் காலத்தில் மலைமுகட்டைத் தாண்டி வரும் காற்று, பள்ளத்தாக்கின்மேல் இறங்கும்போது ஒரு கணம் அடங்கி மறுகணம் இருமடங்காய் மோதும், திசையும் மாறும். நீர்ப்பரப்பின்மேல் கருமை படர்ந்து விரைந்து வருவதே அதன் அறிகுறி. அதனைக் கண்டதும் பாயின் கீழ்மூலையை இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றை நெகிழவிட வேண்டும். ஆதலின் அக்கயிற்றை எக்காலத்தும் முடிச்சிட்டு வைத்தல் கூடாது. கையிற் பிடித்தே இருத்தல் வேண்டும். கலத்தில் எல்லாக் கட்டுகளும் முடிச்சுடையன; இஃதொன்று முடிச்சில்லாதது.

கவிழ்ந்தால், காற்றடைத்த பாய்மரம் பக்கவாட்டில் மிதந்து கலத்தைத் தாங்கும். மரத்தினுள் நீர் புகுந்தால் கலம் முற்றும் தலைகீழாகும். எனவே பாய்மரத்தின் இரு முனை அடைப்புகளையும் ஆணித் துளைகளையும் நீர்புகாவண்ணம் அடைத்தல் வேண்டும். நிமிர்த்துதற்குப் பெரியவர் இருவரின் எடை தேவை. ஒற்றை மாணவன் தனியே இறங்குதல் தகாது. நம் பிள்ளைகளில் நீந்தத் தெரிந்தவர் சிலரே. நீரோ கடல்நீர் போன்று வெதுவெதுப்பானதன்று. மிதவை அங்கி அணியாதவனை ஏற்றுதற்குத் துணித்தளத்தில் இடமில்லை என்று சொல்லிவிடுக.

மவுசாகலையில் மேலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய மஸ்கெலியா நகரம் அத்தேக்கத்தினுள் அமிழ்ந்து கிடக்கின்றது. நீர் நன்றாக வற்றிய காலத்தில் பழைய கோயில் முதலிய கட்டடங்களின் எச்சங்கள் வெளிப்படும்; மக்கள் திரண்டு சென்று காண்பர். நீர் நிறைந்த காலத்தில் அவை ஆழத்தில் இருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்திலேதான் சுவர்கள் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மறைந்து நின்று சுக்கான் அலகையும் ஓடத்தின் வயிற்றையும் பதம் பார்க்கக்கூடும்.

எல்லாவற்றினும் கொடியது கரையிலேயே உண்டு. மின்சாரத்துக்கென அமைந்த தேக்கங்கள் ஆதலால் அவற்றின் சரிவுகளில் மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்கும் செல்கின்றன. பழைய ஹோபியின் பாய்மரம் அடிமுதல் நுனிவரை அலுமினியம். நிறுத்திய மரத்தோடு கலத்தைத் தள்ளிச் செல்கையில் அது கம்பியைத் தொட்டால், உருக்கு வடங்கள் வழியே மின்சாரம் பிடித்திருப்போர் கைக்கு இறங்கும். வெளிநாடுகளில் இவ்வாறு உயிர்கள் இழந்த பின்னரே, 1980களில் மரத்தின் மேற்பகுதியை மின் கடத்தாக் கண்ணாடியிழையாற் செய்யத் தொடங்கினர். நம் கைக்கு வரும் பழைய கலம் அதற்கு முற்பட்டதாயின் அப்பாதுகாப்பு அதில் இராது. பாய்மரத்தை நீரோரத்திலேயே நிறுத்துக, நீரோரத்திலேயே சாய்க்க. நிறுத்துமுன் அண்ணாந்து பார்க்க ஒருவனை நியமிக்க.

ஓட்டம் முடிந்தபின் பாயின் சட்டக் கயிறுகளைத் தளர்த்தி, பாயை உலர்த்திச் சுருட்டி, அடைப்புகளைக் கழற்றி, ஓடத்தினுள் தேங்கிய நீர் எவ்வளவு என்று ஒரு கோப்பையால் அளந்து குறித்து வைக்க. மறுவாரம் அவ்வளவு கூடினாற் புதிய கசிவு உண்டு. வடங்களின் முனைகளைத் துணியால் மீண்டும் உருவிப் பார்த்து, முன்வடத்தை அவிழ்த்து, மரத்தை இருவர் தாங்க மெல்லப் பின்னே சாய்த்து, ஓடங்களின் மேல் கிடத்தி, கயிற்றாற் கட்டுக. அடுத்த ஓட்டத்துக்கு அக்கட்டை அவிழ்த்தபின் எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டும்.